சக்கரங்களின் மேல் சீமாட்டிகள்: மிதிவண்டியும் குறும்படமும் புதுவையும்

1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில், லூமியேர் சகோதரர்களின் சினிமாட்டோகிராஃப் முதன்முதலாக இந்திய மண்ணில் ஓடிற்று. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். காட்டப்பட்டவை ஆறு துண்டுப் படங்கள். எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. அந்த ஆறில் நிலையத்துக்குள் வந்து நிற்கும் இரயிலைப் பற்றி மட்டும் சினிமா வரலாறு எழுதுவோர் சலிக்காமல் எழுதிவிட்டனர். அதே பட்டியலில் இருந்த இன்னொரு தலைப்பை யாரும் அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை. ‘சக்கரங்களின் மேல் சீமாட்டிகளும் சிப்பாய்களும்’ என்பது அதன் பெயர். அக்கால ஆங்கிலப் பேச்சில் ‘சக்கரம்’ என்றாலே மிதிவண்டியைக் குறிக்கும். ஆகவே அதை மிதிவண்டிப் படம் என்றே கொள்வது தகும். அதாவது, இந்தியா கண்ட முதல் திரையிடலிலேயே மிதிவண்டி பற்றிய குறும்படம் ஒன்று இருந்திருக்கிறது. அதில் வண்டி ஓட்டியவர்களில் பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

அதே நிகழ்ச்சியில் காட்டப்பட்ட ‘தொழிற்சாலையிலிருந்து வெளியேறுதல்’ என்ற படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1895இல் லியோன் நகரில் லூமியேர்களின் சொந்தத் தொழிற்சாலை வாயிலில் எடுத்தது. கதவு திறக்கிறது. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண் தொழிலாளர்கள் இருபுறமும் பிரிந்து நடக்கிறார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. இடையில் சைக்கிள்கள் வருகின்றன. கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: நடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சைக்கிளில் வருபவர்கள் ஆண்கள். பெண்கள் சக்கரத்தின் மேல் ஏறிப் படமாக வேண்டுமானால் சீமாட்டிகளாக இருக்க வேண்டியிருந்தது போலும். இந்த இரண்டு துண்டுப் படங்களுக்கு இடையில் உள்ள தூரத்தைத்தான் இக்கட்டுரையில் கடந்து பார்க்க விரும்புகிறோம்.

சினிமாவும் மிதிவண்டியும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். முன்சக்கரத்தில் மிதிகட்டையைப் பொருத்திய வண்டியைப் பாரிஸின் மிஷோ பட்டறை 1860களில் விற்கத் தொடங்கிற்று. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த நெடும்பந்தயத்தில் ‘மிஸ் அமெரிக்கா’ என்று பெயர் கொடுத்துக்கொண்ட ஒரு பெண்ணும் ஓட்டி முடித்தார். பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் இன்றைய வடிவம் 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டியிலிருந்து வருவது. காற்றடைத்த டயர் 1888இல் டன்லப்பின் கைவண்ணம். வண்டி உருப்பெற்று ஏழெட்டு ஆண்டுகளில் சினிமா பிறந்துவிட்டது. ஓடுகின்ற பொருளைத் தேடி அலைந்த காமிராவுக்கு, ஊரெல்லாம் புதிதாக ஓடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்தது. (1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம் ‘லோட்டோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் விற்பனையைத் தூக்கி நிறுத்துவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்லி வைப்போம். சிற்றிதழ் நடத்துவோர் மனம் தளராதிருக்க.)

மிதிவண்டிக்கென்றே திரைப்பட விழா நடத்தும் வழக்கம் இந்த நூற்றாண்டில் தோன்றியது. நியூயார்க்கில் சைக்கிள் ஓட்டிச் சென்றபோது பேருந்து மோதி அடிபட்ட பிரென்ட் பார்பர் என்பவர், அந்த வெறுப்பை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டு 2001இல் தொடங்கியது அது. பிற்பாடு பல நாட்டு நகரங்களுக்கும் பரவிற்று. அதன் உயிர்நாடி குறும்படங்களே. இது தற்செயல் அல்ல என்பது நம் எண்ணம். காருக்குள் கதை அடைபட்டுக் கிடக்கிறது. இரயிலில் கதை நீண்டு போகிறது. மிதிவண்டிக் கதையோ ஓர் ஆள் மூச்சுப் பிடித்து மிதிக்கும் தூரத்துக்குத்தான் வரும். ஏறுவது, தடுமாறுவது, ஓட்டுவது, விழுவது, தொலைப்பது, மீண்டும் கிடைப்பது. பத்து நிமிடம் போதும்.

புதுச்சேரியில் இப்படியொரு விழா நடந்தால் எதைக் காட்டலாம் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான வேலை. பொருத்தமான ஊர்தான். மேடுபள்ளமில்லாத நிலம், கோடு கிழித்தாற்போல் நேர்வீதிகள், நடுவே பெரிய வாய்க்கால். பிரெஞ்சுப் படங்களுக்குப் பஞ்சமில்லை: அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே 1889 முதல் இருக்கிறது. சக்கரத்தோடு இவ்வூருக்கு உள்ள உறவும் விசித்திரமானது. மிதிவண்டிக்கு முன்பே இங்கு ‘பூஸ்-பூஸ்’ என்ற தள்ளுவண்டி ஓடிற்று. வெள்ளைக்காரத் துரையோ துரைசானியோ இருக்கையில் அமர்ந்து முன்னாலுள்ள பிடியைத் திருப்பித் திசை காட்டுவார். பின்னாலிருந்து தள்ளுபவர் தமிழர். திசை ஒருவர் கையில், உழைப்பு இன்னொருவர் காலில். காலனி ஆட்சியை விளக்க இதைவிடத் தெளிவான எந்திரத்தை எவரும் செய்து காட்டியிருக்க முடியாது. மிதிவண்டி இந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தது. மிதிப்பவரே திருப்புபவர் ஆனார். அதன் முழுப்பொருள் சாதாரண மக்களுக்கு எட்ட இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. வண்டிகள் இறக்குமதிச் சரக்காக இருந்தவரை சைக்கிள் வைத்திருப்பது ஒரு தகுதி. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், அடுத்த சில ஆண்டுகளில் வடக்கே அட்லஸ், ஹீரோ நிறுவனங்களும் வந்த பின்னரே அது உழைப்பாளியின் வாகனம் ஆயிற்று.

புதுவையின் உழைப்பாளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஞ்சாலைத் தொழிலாளி. சவானா, ரோடியர், பாரதி என்று மூன்று ஆலைகள். சவானா ஆலையில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தப் போராட்டத்தின் பயனாக வந்தது. பின்னாளில் சவானா சுதேசி ஆலையாயிற்று, ரோடியர் ஏ.எஃப்.டி. ஆயிற்று, ஊரார் வாயில் பழைய பெயர்களும் தங்கின. ஆலைச் சங்கு ஊதியதும் கடலூர் சாலையில் சைக்கிள்கள் வெள்ளம்போல் வெளிப்பட்ட காட்சியை ஊர்ப் பெரியவர்களிடம் இன்றும் கேட்கலாம். கேரியரில் தூக்குச்சட்டி, ஹேண்டில்பாரில் பை. லியோன் நகரத்துக் கதவு திறந்த அதே காட்சி, வேறு வெயிலில். அங்கே முதலாளியே காமிராவும் வைத்திருந்ததால் ஐம்பது வினாடி வரலாறாயிற்று. இங்கே ஆலை மட்டும் இருந்தது. மூன்றும் 2020இல் நிலையாக மூடப்பட்டுவிட்டன. மஞ்சள் சுவரையும் பூகன்வில்லாக் கொடியையும் தேடி இவ்வூருக்கு வந்த படப்பிடிப்புக் குழுக்கள் எத்தனையோ. அவை பெரும்பாலும் வாய்க்காலைக் கடந்து மேற்கே வந்ததில்லை.

பிரெஞ்சுக் குறும்படங்களுக்கு வருவோம். ழாக் தத்தியின் ‘தபால்காரர் பள்ளி’ (1947) நிச்சயம் காட்ட வேண்டியது. நெட்டைத் தபால்காரர் ஒருவர் சைக்கிளின் மேல் செய்யும் அத்தனை கோணங்கித்தனங்களும் அதில் உண்டு. இதையே விரித்து 1949இல் ‘திருவிழா நாள்’ என்ற முழுநீளப் படமாக்கினார். அமெரிக்க அஞ்சல்துறையின் வேகத்தைத் திரைப்படத்தில் பார்த்துவிட்டு, ஒரு கிராமத்துத் தபால்காரர் தன் ஓட்டைச் சைக்கிளில் அந்த வேகத்தை எட்டப் படும் பாடு அது. போருக்குப் பிந்திய பிரான்சின் தாழ்வுணர்ச்சியைச் சிரிப்பாக மாற்றிய படம் அதற்கு நிகராக இன்னொன்று இல்லை என்போம். லூயி மாலின் ‘வீவ் ல தூர்’ (1962) பதினெட்டே நிமிடம். பந்தய வீரர்கள் வழியோரக் கடைகளில் புகுந்து குளிர்பானங்களை அள்ளிக்கொண்டு ஓடுவதையும், ஊக்க மருந்தில் தள்ளாடுவதையும், விழுந்து எழ முடியாமல் கிடப்பதையும் ஒளிக்காமல் காட்டுகிறது.

த்ருஃபோவின் ‘லே மிஸ்தோன்’ (1957) வேறு ரகம். தெற்குப் பிரான்சின் நீம் நகரத் தெருக்களில் பெர்னதெத் லஃபோன் பாவாடை பறக்க மிதித்துச் செல்கிறார். ஐந்து விடலைச் சிறுவர்கள் பின்தொடர்கிறார்கள். மரத்தில் சாய்த்து வைத்த அவர் சைக்கிளின் இருக்கையை ஒருவன் முகர்ந்து பார்க்கிறான். அழகான படம், நமக்குப் பிடித்த படமும்கூட. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அதில் மிதிவண்டி ஓட்டும் பெண் பார்க்கப்படுபவள் மட்டுமே. எங்கே போகிறாள் என்பது படத்துக்குப் பொருட்டன்று. நம் திரைப்பாடல்களில் சைக்கிளில் வந்த கதாநாயகியரும் பெரும்பாலும் அவ்வாறே வந்து போயினர்.

அதற்கு மறுமொழி போலத் தோன்றும் இரண்டு படங்கள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஈரானின் மர்ஸியே மெஷ்கினி எடுத்த ‘நான் பெண்ணான நாள்’ மூன்று கதைகளின் தொகுப்பு. நடுக்கதையில், கடலோரச் சாலையில் கறுப்பு அங்கியணிந்த பெண்களின் சைக்கிள் பந்தயம். அவர்களுள் ஆஹூ என்பவளைத் தடுக்க முதலில் குதிரையில் கணவன் வருகிறான், பிறகு மணவிலக்குச் சொல்ல மதகுரு, பிறகு குடும்பத்து மூத்தோர், கடைசியில் உடன்பிறந்தோர். ஒவ்வொரு முறையும் அவள் வேகத்தைக் கூட்டுகிறாள். இன்னொன்று, டச்சுக்காரரான மைக்கேல் டூடோக் ட விட்டின் ‘அப்பாவும் மகளும்’. எட்டு நிமிட அசைவூட்டப் படம். ஒரு சொல் பேசாது. அப்பா படகேறிப் போய்விடுகிறார். மகள் அந்தக் கரைக்குச் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். சிறுமியாக, குமரியாக, தாயாக, கிழவியாக. கடைசியில் தள்ளாத கிழவி சைக்கிளை நிறுத்தப் பார்க்கிறாள். அது நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. ஆஸ்கார் கிடைத்ததை விடுங்கள். வாழ்நாள் முழுவதையும் ஒரு வண்டியின் சாய்வில் சொல்லிவிட முடியும் என்று காட்டிய படம் அது.

நம்மூர்ச் சரக்கு என்ன என்று கேட்பீர்கள். தமிழர்க்குச் சினிமா வந்ததிலும் ஒரு பிரெஞ்சுத் தொடர்பு உண்டு. 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிராப்பள்ளியில் நோயுற்றுத் தங்க நேர்ந்தபோது, அவரிடமிருந்து படமெறி கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற இரயில்வே ஊழியர். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அன்று அவை எல்லாமே குறும்படங்கள்தாம் என்பதை மறந்துவிடுகிறோம். பிற்காலத்தில் ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகளில் ஓட்டியபோது, முதல் கொட்டகையில் முடிந்த சுருளைப் பெட்டியோடு கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு ஓடியவர் சைக்கிள்காரர். அவர் சங்கிலி கழன்றால் ஊரே இருட்டில் கத்தும். ‘சினிமா பாரடைசோ’வில் (1988) இப்படியொருவர் வருவார், பார்த்தவுடன் நம் ஆள் என்று தோன்றிவிடும். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அதில் வந்த ‘சைக்கிள் திருடர்கள்’ இந்நாட்டுச் சினிமாவை என்ன செய்தது என்பது தெரிந்த கதை. அந்தோனியோவின் வண்டி களவு போகும் வேளையில் அவன் ஒட்டிக்கொண்டிருந்தது ரீட்டா ஹேவொர்த்தின் சினிமாச் சுவரொட்டி என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

2024இல் வந்த ‘குரங்கு பெடல்’ ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்தது. இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவர் சட்டத்துக்குக் கீழே ஒரு காலை நுழைத்து மிதிப்பதற்குத் தமிழில் உள்ள இந்தப் பெயரைப் படத்தின் பெயராக்கியதற்கே பாராட்டலாம். மட்கார்டில் எண் எழுதிய வாடகை சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து, நேரம் தீர்வதற்குள் கடைக்கு ஓடிவந்த தலைமுறைக்கு அது விளக்கம் வேண்டாத படம். (சொல்லில்கூட இந்த வண்டிக்கு நம்மிடையே ஒருமை இல்லை. ஈழத்தார்க்கு அது துவிச்சக்கர வண்டி, தனித்தமிழர்க்கு ஈருருளி, அரசாணையில் மிதிவண்டி, தெருவில் சைக்கிள்.) ஆனால் அதுவும் ஒரு பையனின் கதை. தமிழ்நாட்டில் மிதிவண்டி நிகழ்த்திய மாபெரும் கதை பெண்களுடையது. அது இன்னும் உரிய படமாக வேண்டும்.

அதற்குப் புதுச்சேரியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். இரண்டும் பெயரில் மட்டும் புதியவை. இரண்டுமே பிரிட்டிஷாரின் நேராட்சிக்குள் நிலையாக வராத மண். முன்னது பிரெஞ்சுக்காரர் வசம், பின்னது 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். இவ்விரண்டையும் இன்னொரு சரடு இணைக்கிறது. 1990 பெப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி, புதுவையில் அறிவியல் இயக்கத்தாரின் முனைப்பால் அறிவொளி இயக்கம் தழைத்தது. பின் தமிழக மாவட்டங்களிலும் பரவிற்று. புதுக்கோட்டையில் அது தொடங்கிய ஆண்டு 1991; ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். தொண்டர்களில் பெண்களே மிகுதி. மாலையில் தொலைகிராமத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு இரவில் திரும்ப வேண்டும், பேருந்து இராது, கணவரையோ தம்பியையோ எதிர்பார்த்தால் வகுப்பு நடவாது. எழுத்தோடு சைக்கிளும் கற்பிப்பது என்று சுங்கத் முடிவு செய்தார். எண்ணும் எழுத்தும் போல இதுவும் பாடமாயிற்று.

பிறகு நடந்தது எவர் கணக்கிலும் அடங்காதது. கல்லுடைக்கும் பெண்கள், வயற்காட்டுக் கூலிப் பெண்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், இளம் முஸ்லிம் பெண்கள் என்று எல்லோரும் விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திடலுக்கு வந்தார்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு இயக்கத்தின் கொடியாயிற்று. 1992 மார்ச் 8, மகளிர் நாளில், 1500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை மணியோசையால் நிறைத்தனர். பி. சாய்நாத் தம் நூலில் தரும் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால் மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல். ஒரு கடையில் பெண்களுக்கான சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 விழுக்காடு ஏறியதாம். மற்றக் கடைக்காரர்கள் கணக்குச் சொல்ல மறுத்துவிட்டனர். கேள்வி கேட்டவரை விற்பனைவரித் துறையின் ஒற்றர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏச்சும் இல்லாமலில்லை. ஆண்கள் வழியில் நின்று ஆபாசமாகக் கிண்டல் செய்தனர். பெண்கள் மிதித்துக்கொண்டே இருந்தனர். தண்ணீர்க் குடம், பிள்ளை, காய்கறிக் கூடை, பேருந்துக்குக் காத்திருந்து தொலைத்த நேரம் எல்லாம் அந்த வண்டியில் ஏறின. மெஷ்கினியின் ஆஹூவைத் துரத்த ஒரு கூட்டமே குதிரையேற வேண்டியிருந்தது. இவர்களைத் துரத்த எவராலும் ஆகவில்லை. ஒருத்தி இல்லையே, ஒரு லட்சம் பேராயிற்றே. பெண் விடுதலைக்கு மிதிவண்டியைப் போல் உதவியது வேறெதுவும் இல்லை என்ற பொருள்பட அமெரிக்காவின் சூசன் பி. ஆண்டனி 1896இல் சொன்னார். பம்பாயில் சீமாட்டிகள் திரையில் உருண்டதும் அதே ஆண்டுதான். அந்தப் பேச்சு உழைக்கும் பெண்ணைப் பற்றியதாக மாற 95 ஆண்டுகள் பிடித்தன.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001இல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு இலவச சைக்கிள் வந்தது. பின்னர் மற்றவர்க்கும் விரிந்தது. புதுச்சேரி அரசும் மாணவர்க்குச் சைக்கிள் தருகிறது. அரசு சைக்கிள் தரத் தொடங்கிய காலமும், பெரியவர்கள் சைக்கிளை விட்டிறங்கி இருசக்கர மோட்டார் வண்டிக்கு மாறிய காலமும் ஒன்றே. ஐ.நா. 2018இல் ஜூன் 3ஐ உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. 2020இல் அதே ஜூன் 3 அன்று அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் ஆலையை மூடிற்று. புதுவையில் வாடகை சைக்கிள் மறையவில்லை. சுற்றுலாப் பயணியர்க்கு உரியதாகிவிட்டது. மாலையில் மோட்டார் வண்டிகள் தடுக்கப்படும் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீதிகளில் அது உருள்கிறது; எவர் கைப்பேசியில் பார்த்தாலும் அந்தப் படம் இருக்கும்.

ஆகவே விழா நடத்துவோர்க்கு நம் பரிந்துரை இது. தத்தியும் மாலும் இருக்கட்டும். லியோன் ஆலை வாயிலோடு தொடங்குங்கள். அடுத்து, காமிரா வைத்திருக்கும் நம் இளைஞர்களைக் கடலூர் சாலைக்கு அனுப்புங்கள். ரோடியர் ஆலைக்குச் சைக்கிளில் போனவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்படியே புதுக்கோட்டைக்கும் போய்வரச் சொல்லுங்கள். 1992இல் இருபது வயதில் ஓட்டக் கற்ற பெண்ணுக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. அவர்களில் பலர் பெண்களுக்கான சைக்கிள் கடைக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கியவர்கள். பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. குறுக்குச் சட்டம் இருந்தால் பிள்ளையை முன்னால் உட்கார்த்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.